வாழைநாரில் சாயமும் செம்பும் பிடிக்கும் வடிபொருள் செய்வது எப்படி: மலையகத்துக்கான முழுமையான வழிகாட்டி

வாழைநாரோடு சித்திரிக்கமிலத்தை இணைத்து, நீரில் கரைந்திருக்கும் செப்பு அயன்களையும் நேரேற்றமுள்ள சாயங்களையும் பிடித்துக்கொள்ளும் ஒரு வடிபொருளைச் செய்யும் முறை இது. உயர்தர இரசாயனவியல் செயற்றிட்டம் செய்யும் மாணவர்களையும், பாடசாலை ஆய்வுகூடத்தைப் பொறுப்பாக நடத்தும் ஆசிரியர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

புதிதாகச் செய்பவர்கள் எல்லோருடைய கவனமும் அமிலத்தின் மேல்தான் இருக்கும். ஆனால் வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் அதற்கு முன்னும் பின்னும்தான். சூடேற்றுவதற்கு முன் நார் சரியாகக் காய்ந்திருக்காது. சூடேற்றிய பிறகு சரியாகக் கழுவியிருக்க மாட்டார்கள். இலங்கை மலையகத்தின் ஈரக்காற்றில் முதலாவது இன்னும் மோசம். இந்த இரண்டு இடங்களிலும் அவசரப்படாதீர்கள். மற்ற இடங்களில் சிறிய பிசகுகளைச் சமாளித்துவிடலாம்.

1. நாருக்குள் என்ன நடக்கிறது

செலுலோசு என்பது குளுக்கோசு அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. ஒவ்வோர் அலகிலும் 3 ஐதரொட்சைல் கூட்டங்கள் இருக்கின்றன. சித்திரிக்கமிலத்தில் 3 காபொட்சைல் கூட்டங்கள். உலர்ந்த நிலையில் சூடாக்கும்போது இரண்டு காபொட்சைல்கள் சேர்ந்து ஒரு நீர் மூலக்கூறை இழந்து நீரிலியாகின்றன. அந்த நீரிலி செலுலோசின் ஐதரொட்சைலோடு சேர்ந்து எசுத்தர் ஆகிறது.

அப்படி ஒட்டிய ஒவ்வொரு சித்திரிக்கமில அலகிலும் 2 காபொட்சைல்கள் மீதமிருக்கும். நமக்கு வேலை செய்யப்போவது அவைதான். அவற்றில் ஒன்று பக்கத்துச் சங்கிலியோடும் பிணைந்துவிட்டால் குறுக்குப்பிணைப்பு உண்டாகும். அப்போது ஒன்றுதான் மிஞ்சும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சோதனைக் கணக்கில் திரும்ப வரும்.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

கோஸ்டிக் சோடா, ஐதரசன் பரொட்சைட்டு, சித்திரிக்கமிலம், அப்பச்சோடா. மருந்துக்கடையில் '20 கனவளவு' என்று விற்கும் பரொட்சைட்டு ஏறத்தாழ 6 வீதக் கரைசல், அது போதும். சித்திரிக்கமிலம் வாங்கும்போது நீரேற்றதா நீரற்றதா என்று பாருங்கள். முன்னையதன் மூலர்த் திணிவு 210, பின்னையது 192. இதைப் பார்க்காமல் நிறுத்தால் செறிவு பிழைத்துவிடும்.

0.01 கிராம் வரை காட்டும் தராசு, வெப்பநிலையை நம்பிக்கையாகப் பிடித்துவைக்கும் ஒவன், அதற்குள் வைக்கத் தனியாக ஒரு வெப்பமானி, பீஎச் தாள், நீரில் கரைந்த உப்பைக் காட்டும் டீடிஎஸ் மீற்றர். வீட்டு ஒவனின் திருகி 120 என்று காட்டும்போது உள்ளே 100 ஆகவும் இருக்கலாம், 150 ஆகவும் இருக்கலாம். ஆகவே வெப்பமானி இல்லாமல் தொடங்க வேண்டாம்.

தண்ணீர் விஷயம். பீலித் தண்ணீர், அதாவது மலை ஊற்றிலிருந்து வரும் தண்ணீர், முதற்கட்டக் கழுவலுக்குத் தாராளமாக ஆகும். ஆனால் வாளியின் அடியில் செங்காவிக் கறை படியும் தண்ணீர் என்றால் அதில் இரும்பு இருக்கிறது. இரும்பு பரொட்சைட்டை வீணாக உடைத்துவிடும், நாரிலும் கறை ஏற்றும். வெளிற்றலுக்கும் கடைசிக் கழுவலுக்கும் வடிநீர் வைத்துக்கொள்ளுங்கள். கராஜில் பற்றரிக்கு ஊற்ற விற்கும் வடிநீரே போதும். பக்கத்திலேயே பற்றரி அமிலமும் அதே மாதிரிப் போத்தலில் இருக்கும், லேபலைப் பார்த்து வாங்குங்கள்.

பாதுகாப்புக் கண்ணாடியும் நீண்ட இறப்பர் கையுறையும் கட்டாயம். கோஸ்டிக் சோடாவைத் தண்ணீரில்தான் போட வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் ஒரே இடத்தில் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவிவிட்டு நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். பிள்ளைகள் ஓடித்திரியும் லயத்துச் சமையலறையில் இந்த வேலை வேண்டாம்.

3. நார் எடுத்தல்

தேயிலைத் தொழிற்சாலைக் கழிவில் செய்ய முடியாதா என்று எல்லோரும் கேட்பார்கள். முடியும். ஆனால் அதிலுள்ள பொலிபீனோல்கள் கழுவக் கழுவப் பழுப்பு நிறம் விட்டுக்கொண்டே இருக்கும். சாயச் சோதனையில் எந்த நிறம் எதிலிருந்து வந்தது என்று தெரியாமல் குழம்புவீர்கள். முதல்முறை செய்பவருக்கு வாழைநார்தான் நல்லது. குலை வெட்டிய பிறகு மரம் எப்படியும் சும்மா கிடந்து அழுகத்தான் போகிறது.

வெளிப்பக்கம் காய்ந்து தொங்கும் மட்டைகளை விடுங்கள். நடுவிலுள்ள வெள்ளைத் தண்டையும் விடுங்கள், அதில் நார் குறைவு, மாச்சத்து அதிகம். இரண்டுக்கும் இடைப்பட்ட மட்டைகளை விரலகலக் கீற்றுகளாகக் கிழித்து, பலகையில் வைத்துச் சுரண்டுங்கள். இரும்புக் கத்தி வேண்டாம். வாழைக்கறை இரும்போடு சேர்ந்தால் நார் கறுத்துவிடும். சிரட்டை விளிம்பு நன்றாகவே வேலை செய்யும்.

வெட்டிய அன்றே சுரண்டி அன்றே கழுவுங்கள். கறை காற்றுப்பட்டுக் கறுத்து நாரில் ஏறிவிட்டால், பின்னால் இரண்டு மடங்கு வெளிற்ற வேண்டிவரும். காய்ந்ததும் ஒரு சென்ரிமீற்றர் துண்டுகளாக நறுக்குங்கள். நீளமாக விட்டால் முகவைக்குள் சிக்குப்பிடித்த தலைமுடி போல் உருண்டுவிடும்; நடுவுக்குக் கரைசல் போகாது.

4. காரத்தில் அவித்தல்

ஒரு லீற்றர் தண்ணீரில் 40 கிராம் கோஸ்டிக் சோடா. அதில் 400 மி.லீ. எடுத்து 20 கிராம் உலர்ந்த நாரைப் போட்டு, 80 பாகை செல்சியசில் 2 மணித்தியாலம் வைத்திருங்கள். வற்றும் தண்ணீரை அவ்வப்போது ஈடுசெய்யுங்கள். கரைசல் கடும் சாயத்தேநீர் நிறத்துக்கு வரும்.

செலுலோசைச் சுற்றி அரைச்செலுலோசும் லிக்னினும் மெழுகும் மூடியிருக்கின்றன. அவற்றை விலக்கினால்தான் ஐதரொட்சைல்கள் வெளியே தெரியும். நாரின் எடை கணிசமாகக் குறையும், பயப்பட வேண்டாம். 'இன்னும் கடுமையாகப் போட்டால் இன்னும் சுத்தமாகுமே' என்று சிலர் செறிவைக் கூட்டுவார்கள். நார் வீங்கி, சுருண்டு, நொய்ந்துபோவதுதான் மிச்சம்.

பாத்திரம் கண்ணாடி அல்லது துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். அலுமினியச் சட்டி கூடவே கூடாது. கோஸ்டிக் சோடா அதை அரித்து ஐதரசன் வாயுவை வெளியேற்றும், அது தீப்பற்றக்கூடியது.

அப்புறம் கழுவல். நாரைப் பிழிந்தெடுத்த நீரில் பீஎச் 7 காட்டும்வரை கழுவுங்கள். பாத்திரத்தில் மிதக்கும் நீரைச் சோதிப்பது ஏமாற்றும்; நாருக்குள் இருக்கும் காரம் மெதுவாகத்தான் வெளியேறும். காரம் மிஞ்சினால் பின்னால் சேர்க்கும் அமிலத்தில் ஒரு பங்கு சோடியம் சித்திரேற்றாகிப் போய்விடும்.

5. வெளிற்றல்

6 வீதப் பரொட்சைட்டையும் வடிநீரையும் சம அளவில் கலந்து, கோஸ்டிக் சோடாக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து பீஎச்சை 11க்குக் கொண்டுவந்து, 60 முதல் 70 பாகையில் ஒரு மணித்தியாலம். பாத்திரத்தை மூடி இறுக்க வேண்டாம், ஒட்சிசன் வெளியேற வழி வேண்டும். நார் வெண்மஞ்சளுக்கு வந்தால் போதும், பால்வெள்ளை தேவையில்லை.

பரொட்சைட்டுக்குப் பதிலாகக் கடையில் விற்கும் குளோரின் வெளிற்றியை எடுக்காதீர்கள். அது நாரில் மிஞ்சியிருந்து அடுத்த கட்டத்து அமிலத்தைச் சந்தித்தால் குளோரின் வாயு கிளம்பும். இது நெஞ்சை அடைக்கும் நஞ்சு.

கழுவி, 50 பாகையில் காயவைத்து, எடையை எழுதி வையுங்கள். இதில் ஒரு பங்கை அமிலம் படாமல் தனியே எடுத்து வையுங்கள். ஒப்பீட்டு நார் இல்லாமல் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது. இந்தப் பங்கும் அமிலமில்லாமல் அதே ஒவனில் அதே நேரம் சூடேற வேண்டும்.

6. அமிலத்தில் ஊறவைத்தல்

ஒரு லீற்றருக்கு 0.6 மூல். நீரேற்ற சித்திரிக்கமிலம் என்றால் லீற்றருக்கு 126 கிராம், நீரற்றது என்றால் 115 கிராம். 10 கிராம் நாருக்கு இந்தக் கரைசலில் 70 மி.லீ. ஊற்றி, நன்றாகப் பிசைந்து, 2 மணித்தியாலம் விடுங்கள்.

நார் நனையும் அளவுக்குத்தான் கரைசல் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். வடித்து ஊற்றாதீர்கள், பிழியாதீர்கள். அமிலம் முழுவதும் நாரோடேயே காய வேண்டும்.

7. உலர்த்தல்: இங்கேதான் பொறுமை

பீங்கான் தட்டில் மெல்லிய படையாகப் பரப்பி, 50 முதல் 60 பாகையில் வையுங்கள். அரை மணிக்கொரு தடவை கிளறிவிடுங்கள். அவசரத்தில் 90 பாகைக்கு ஏற்றினால் நீர் வேகமாக மேற்பரப்புக்கு ஓடும், அமிலத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். மேலே சீனிப்பாகு உறைந்ததுபோல் பளபளக்கும் பளிங்குத் தோல், உள்ளே அமிலமே இல்லாத நார்.

தொட்டுப்பார்த்து 'காய்ந்துவிட்டது' என்று சொல்லாதீர்கள். ஒரு மணித்தியால இடைவெளியில் நிறுத்து, அடுத்தடுத்த இரண்டு நிறைகளுக்கு இடையில் வித்தியாசம் 0.05 கிராமுக்குள் வந்தால்தான் காய்ந்தது. நிறுக்கும் முன் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான போத்தலில் ஆறவிடுங்கள். சூடாக நிறுத்தால் மேலெழும் காற்று தராசுத் தட்டைத் தூக்கி எடையைக் குறைத்துக் காட்டும். திறந்து வைத்து ஆறவிட்டால், ஹட்டன் மழைக்காலக் காற்றிலிருந்து நார் கண்முன்னே ஈரம் குடிக்கும். தராசின் கடைசி இலக்கம் நிற்காமல் ஏறிக்கொண்டே போவதைப் பார்ப்பீர்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்கு இரண்டு காரணங்கள். எசுத்தராகும்போது நீர் வெளியேறுகிறது. ஏற்கெனவே நீர் நிறைந்திருந்தால் தாக்கம் முன்னால் நகராது. அடுத்தது, ஈரநாரை 120 பாகை ஒவனுக்குள் வைத்தாலும் நீர் ஆவியாகி முடியும்வரை நாரின் வெப்பநிலை 100ஐத் தாண்டாது. கடிகாரம் 90 நிமிடம் காட்டும். நார் அதில் பாதி நேரம்கூட உண்மையான சூட்டைப் பார்த்திருக்காது.

முடிந்தால் பருவத்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள். தென்மேல் பருவமழைக் காலத்தில், மே முதல் செப்டம்பர் வரை, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கம் வெளியில் எதையும் காயவைக்க முடியாது. அதே ஜூலை, ஓகஸ்டில் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் காய்ந்த காற்று வீசும். மேற்குச் சரிவில் இருப்பவர்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை வசதி. நாரெடுத்துக் காயவைத்துச் சேமிப்பதை அந்த மாதங்களில் முடித்துவிட்டால் மழைக்காலத்தில் ஒவன் வேலை மட்டும் மிஞ்சும்.

8. சூடேற்றல்

120 பாகையில் 90 நிமிடம். ஒவன் முதலில் 120க்கு வந்து நிலைத்த பிறகு தட்டை உள்ளே வையுங்கள். உலோகத் தட்டு வேண்டாம், சூடான அமிலம் அதை அரிக்கும்.

"சேர், பிரஷர் குக்கர்லயும் 120 வரும்தானே, அதிலேயே வைப்போமே?" எந்த வகுப்பிலும் இந்தக் கேள்வி வரும். நல்ல கேள்விதான். கடல்மட்டத்தில் குக்கருக்குள் 120 பாகை வரும் என்பது உண்மை. ஆனால் உள்ளே இருப்பது முழுக்க நீராவி. வெப்பநிலை சரியாக இருந்தும், நீர் நிறைந்த இடத்தில் எசுத்தர் உருவாகாது. நுவரெலியா உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும் என்பதால், தண்ணீர்க் குளியலும் உதவாது. காய்ந்த சூடுதான் வேண்டும். ஒவன் இல்லாவிட்டால், பீங்கான் கிண்ணத்தை மணலுக்குள் புதைத்து மணலைச் சூடாக்கலாம். வெப்பமானி நாருக்குள் இருக்க வேண்டும், மணலுக்குள் அல்ல.

சரியாகச் சூடேறிய நார் இளங்கிரீம் நிறமாகும். தேன்நிறம் வந்தால் வெப்பம் கூடிவிட்டது. சித்திரிக்கமிலம் மேலும் நீரை இழந்து அக்கோனிற்றிக் அமிலமாகத் தொடங்கும்போது அந்த மஞ்சள் ஏறும். கூடவே அமிலம் செலுலோசுச் சங்கிலியை வெட்டுவதால் நார் விரலில் நசுங்கிப் பொடியாகும். அப்படியானதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகச் செய்வது நல்லது.

9. கழுவல்

போட்ட அமிலத்தில் பெரும்பகுதி நாரில் ஒட்டாமல் சும்மா காய்ந்து கிடக்கும். அதைப் போக்காவிட்டால் எடைக் கணக்கும் பொய், நியமிப்பும் (அளவு தெரிந்த கரைசலைச் சேர்த்து அமிலத்தை அளக்கும் சோதனை) பொய்.

50 பாகை இளஞ்சூட்டு வடிநீரில், ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் ஊறவிட்டு வடியுங்கள். வடிந்த நீரின் டீடிஎஸ் அளவு, கழுவப் பயன்படுத்திய நீரின் அளவுக்கு அருகே வந்து நிற்கும்வரை தொடருங்கள். பீஎச் தாளை மட்டும் நம்பினால் ஒன்றிரண்டு கழுவல் முன்னதாகவே நிறுத்திவிடுவீர்கள். கழுவலில் அப்பச்சோடாவோ சவர்க்காரமோ சேர்க்காதீர்கள். இப்போதைக்குக் காபொட்சைல்கள் அமில நிலையிலேயே இருக்கட்டும், நியமிப்புக்கு அதுதான் தேவை.

மறுபடி 50 பாகையில் நிலையான எடைவரை உலர்த்துங்கள்.

10. உண்மையில் ஒட்டியிருக்கிறதா?

முதலில் எடை. 10.00 கிராம் நார் 11.20 கிராமாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒட்டிய ஒவ்வொரு மூல் அமிலமும் ஒரு மூல் நீரை இழந்திருப்பதால் 192இலிருந்து 18ஐக் கழித்து 174ஆல் வகுக்க வேண்டும். 1.20 ஐ 174ஆல் வகுத்தால் 6.9 மில்லிமூல். 11.20 கிராமுக்குப் பகிர்ந்தால் கிராமுக்கு 0.62. ஒவ்வொன்றிலும் 2 காபொட்சைல்கள் மிஞ்சியிருந்தால் கிராமுக்கு 1.23 மில்லிமூல் காபொட்சைல் இருக்க வேண்டும்.

அடுத்து நியமிப்பு. 0.50 கிராம் நாரை 0.02 மூலர் சோடியம் ஐதரொட்சைட்டு 100 மி.லீ.யில் அறை வெப்பநிலையில் ஒரு மணித்தியாலம் குலுக்குங்கள். வடித்து, 25.0 மி.லீ. குழாயியால் எடுத்து, பினோத்தலின் இட்டு, 0.02 மூலர் ஐதரோகுளோரிக் அமிலத்தால் நியமியுங்கள். ஒப்பீட்டு நாருக்கும் அப்படியே. ஒப்பீட்டுக்கு 24.6 மி.லீ.யும் மாற்றிய நாருக்கு 17.6 மி.லீ.யும் வந்தால், வித்தியாசம் 7.0 மி.லீ., அதாவது 0.14 மில்லிமூல். 100 மி.லீ.க்கு நான்கு மடங்கு, 0.56. அரைக் கிராமுக்கு இவ்வளவு என்றால் கிராமுக்கு 1.12.

எடைக்கணக்கு 1.23 என்றது, நியமிப்பு 1.12 என்கிறது. அந்தச் சிறிய இடைவெளி பெரும்பாலும் குறுக்குப்பிணைப்பு. சில அலகுகள் இரண்டு பக்கமும் ஒட்டி ஒரு காபொட்சைலைச் செலவழித்துவிட்டன. நியமிப்பு 1.23ஐ விட நன்றாகக் கூடி வந்தால் கழுவல் போதவில்லை என்று சந்தேகப்படுங்கள். காரத்தில் இரவு முழுக்க ஊறவைத்தாலும் கூடி வரும், ஏனென்றால் காரம் எசுத்தரையே உடைக்கத் தொடங்கும். ஒரு மணித்தியாலம் என்றால் ஒரு மணித்தியாலம்தான்.

கடைசியாக மெதிலீன் நீலம் என்ற நேரேற்றச் சாயம். பலரும் லீற்றருக்கு 10 மி.கி. கரைசலில் செய்து, இரண்டு நாரும் நீரைத் தெளியவைத்துவிட்டதே என்று குழம்புவார்கள். வெறும் வாழைநாரும் கொஞ்சம் சாயம் பிடிக்கும்; அவ்வளவு குறைந்த செறிவில் வித்தியாசம் தெரியாது. லீற்றருக்கு 100 மி.கி. எடுத்து, 100 மி.லீ.க்கு 0.10 கிராம் நார் போட்டு, இரண்டு முகவைகளையும் வெள்ளைத்தாளின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இப்போது எது அதிகம் பிடிக்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

11. பயன்படுத்துவதும் மீட்டெடுப்பதும்

பயன்படுத்துமுன் 2 வீத அப்பச்சோடாக் கரைசலில் அரை மணித்தியாலம் ஊறவைத்துக் கழுவுங்கள். காபொட்சைலின் ஐதரசன் போய்ச் சோடியம் வந்து உட்காரும். அந்தச் சோடியம்தான் செம்போடு எளிதாக இடம்மாறும். அமிலத்தன்மை கூடிய நீரில் ஐதரசன் அயன்கள் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் நார் வேலை செய்யாது. பீஎச் 5 அளவில் வைத்தால் செம்பு நன்றாகப் பிடிபடும். அதற்கு மேலே ஏற்றினால் செம்பு ஐதரொட்சைட்டாக வீழ்படியத் தொடங்கி, எது நார் பிடித்தது என்று தெரியாமல் போகும்.

செப்பு சல்பேற்றின் ஐதான கரைசலில் போட்டால் நார் வெளிர்நீலப் பச்சையாக மாறும். வடிந்த நீரில் செம்பு மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க, ஒரு சோதனைக்குழாயில் கொஞ்சம் எடுத்து அமோனியாக் கரைசல் சில துளி விடுங்கள். கடுநீலம் வந்தால் மிஞ்சியிருக்கிறது.

தேயிலைக் கொப்புள நோய்க்கு அடிக்கும் செப்புப் பூசணக்கொல்லித் தாங்கியைக் கழுவிய நீருக்கு இதைப் பயன்படுத்த நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மருந்துகளில் பல நீரில் கரையாத துகள்கள். துகளை அயன்மாற்றம் பிடிக்காது. முதலில் ஓர் இரவு அடையவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் நாரினூடே விடுங்கள். துணிச்சாயங்களிலும் அப்படித்தான்: நேரேற்றச் சாயங்களுக்கு மட்டுமே இது. பருத்தித்துணிக்குப் போடும் தாக்கச் சாயங்கள் மறையேற்றம் கொண்டவை, அதே மறையேற்றமுள்ள நார் அவற்றைத் தள்ளிவிடும். குடிநீருக்கு இந்த நாரைப் பயன்படுத்த வேண்டாம்.

நிறைந்துபோன நாரை 0.1 மூலர் ஐதரோகுளோரிக் அமிலத்தில் அரை மணித்தியாலம் ஊறவைத்தால் செம்பு வெளியே வரும். கழுவி, மறுபடி அப்பச்சோடா. சலவைச் சோடாவோ கோஸ்டிக் சோடாவோ போட்டு மீட்க வேண்டாம். எசுத்தர் உடைந்து, ஒட்டவைத்த அமிலம் கழுவலோடு போய்விடும்.

12. மிஞ்சும் நீர்

காரத்தில் அவித்த கறுப்பு நீரைக் கானுக்குள் ஊற்றிவிட ஆசை வரும். மகாவலியும் களனியும் இந்த மலைகளில்தான் ஊற்றெடுக்கின்றன. மேலே ஊற்றுவது கீழே யாரோ ஒருவரின் பீலிக்குப் போய்ச் சேரும். அந்த நீரின் காரம் மீன்களைக் கொல்லும், கரைந்திருக்கும் சேதனப் பொருள் நீரின் ஒட்சிசனைத் தின்றுவிடும்.

சூடேற்றிய பிறகு கழுவிய முதல் இரண்டு நீரிலும் சித்திரிக்கமிலம் நிறைய இருக்கும். அவற்றை வாளியில் சேர்த்துவைத்து, கறுப்பு நீரை அதனால் மெதுவாக நடுநிலையாக்குங்கள். பீஎச் 7க்கும் 8க்கும் இடையில் வந்தால் போதும். அப்புறம் ஒரு நாள் விட்டு, அடையும் பழுப்புச் சேற்றைத் துணியில் வடித்து உலர்த்துங்கள். தெளிந்த நீரை நீரோடையிலிருந்தும் மரக்கறித் தோட்டத்திலிருந்தும் தள்ளி, மண்குழியில் நன்றாக ஐதாக்கி விடலாம்.

செம்பு வெளியேற்றிய அமில நீரை இதனோடு கலக்காதீர்கள். தனிப் போத்தலில் லேபல் ஒட்டிச் சேர்த்து, சலவைச் சோடாவால் வீழ்படியச் செய்து, திண்மத்தைக் காயவைத்து, பாடசாலை ஆய்வுகூடத்தின் இரசாயனக் கழிவோடு ஒப்படையுங்கள்.